‘ஓரிரு இடங்களில் மழை’: டிவியில் வந்த ஒரு விஞ்ஞானி மேல் சென்னைக்கு ஏன் இவ்வளவு பாசம்?

“வங்கக் கடலில் உருவாகியுள்ள காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி...” என்று டிவியில் ஒரு குரல் தொடங்கினால் போதும். புத்தகப் பையை மூடிவிட்டு, குழந்தைகள் டிவி முன்னாடி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 2000-களிலும் 2010-களின் முதல் பாதியிலும் தமிழ்நாட்டில் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தக் குரல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ரமணன் சார்!

ஹீரோ இல்லை, காமெடியன் இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த வானிலை விஞ்ஞானி. ஆனாலும் அவருக்கு மீம்ஸ் இருந்தது, ஜோக் இருந்தது, ‘எங்க குலசாமி’ என்று கும்பிடுகிற ஸ்டேட்டஸ் இருந்தது. 2016-ல் அவர் ஓய்வு பெற்றபோது, ஒரு தலைமுறையே தங்கள் வீட்டு ஆள் ஒருவர் ரிட்டையர் ஆனதுபோல வருத்தப்பட்டது.

ஏன் இந்தப் பாசம்? அவர் சொன்னதை நாம் சரியாகத்தான் புரிந்துகொண்டோமா? நகரம் காதில் வாங்காமல் விட்ட, ஆனால் ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு உயிர்நாடியான அந்தக் கடைசி வரி எது? பார்ப்போம்.

யார் இந்த ரமணன்?

எஸ்.ஆர்.ரமணன், சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தில், பகுதி புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்தவர். 2016 மார்ச் 31-ம் தேதி பணி ஓய்வு பெற்றார்.

வானிலை அறிக்கை வாசிப்பது புதிதல்ல. சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. தூர்தர்ஷன் செய்தியின் கடைசியில் வானிலை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், அதைச் செய்தி வாசிப்பாளர் வாசித்துவிட்டுப் போய்விடுவார். 24 மணி நேரத் தமிழ்ச் செய்தி சேனல்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. மழைக்காலத்தில் நுங்கம்பாக்கம் அலுவலகத்தில் மைக்குகள் வரிசை கட்டி நின்றன. விஞ்ஞானியே நேரடியாக மக்களிடம் பேச ஆரம்பித்தார். அந்த இடத்தில் அப்போது இருந்தவர் ரமணன்.

அவர் பேச்சில் அலட்டல் இல்லை, பதற்றம் இல்லை. ‘ஓரிரு இடங்களில்’, ‘அடுத்த 24 மணி நேரத்தில்’, ‘இடியுடன் கூடிய மழை’ என்று அளந்து வைத்த வார்த்தைகள். திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த வார்த்தைகளே மக்களுக்குப் பஞ்ச் டயலாக் ஆகிவிட்டன.

ஒரு முக்கியமான விஷயம். லீவு விட்டது ரமணன் இல்லை. மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பது மாவட்ட ஆட்சியரின் வேலை. ஆனால், ஆட்சியரின் முகம் யாருக்கும் ஞாபகம் இல்லை. டிவியில் வந்த முகம்தான் மனதில் பதிந்தது. அதனால் லீவுக்கான நன்றியெல்லாம் அந்த முகத்துக்கே போனது. மழை வராமல் லீவு கிடைக்காத நாளின் திட்டும் அதே முகத்துக்குத்தான்.

விஞ்ஞானி என்றால் கிறுக்குத்தனம் வேண்டுமா?

டிவி நமக்குக் காட்டிய விஞ்ஞானிகளை யோசித்துப் பாருங்கள். 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ தொடரின் டாக்டர் ஜாக்கால் ‘பவர்!’ என்று கத்திக்கொண்டே ஆய்வகத்தில் விபரீதம் செய்வார். லலித் பரிமூ நடித்த அந்தக் கதாபாத்திரம் வில்லன்தான். ஆனாலும் 90’ஸ் கிட்ஸுக்கு இன்னும் பிடிக்கும்.

அடுத்த தலைமுறைக்கு ஷெல்டன் கூப்பர். 2007 முதல் 2019 வரை 12 சீசன், 279 எபிசோட் ஓடிய ‘தி பிக் பேங் தியரி’யின் இயற்பியலாளர். சோபாவில் ‘என் இடம்’ என்று ஓர் இடம், கதவை மூன்று முறை தட்டும் பழக்கம், மற்றவர் மனம் புரியாத பேச்சு. அந்த வேடத்துக்காக ஜிம் பார்சன்ஸ் நான்கு முறை எம்மி விருது வாங்கினார். தொடரில் பின்னால் தெரியும் வெள்ளைப் பலகையின் சமன்பாடுகள் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக டேவிட் சால்ட்ஸ்பெர்க் என்ற நிஜ இயற்பியல் பேராசிரியரையே ஆலோசகராக வைத்திருந்தார்கள். பிரேசிலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு தேனீ வகைக்கு, ஷெல்டன் அடிக்கடி சொல்லும் ‘பசிங்கா’ என்ற வார்த்தையையே பெயராக வைத்தார்கள் என்றால் பாசத்தின் அளவு புரியும்.

இந்தப் பாசத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘விஞ்ஞானியை வரையுங்கள்’ என்று குழந்தைகளிடம் சொல்லும் பிரபலமான சோதனை ஒன்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை 4,807 குழந்தைகளிடம் அதை நடத்தினார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி என்று வந்து குவிந்த படங்களில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் வெறும் 28 பேர். அந்த 28 பேருமே சிறுமிகள். 2018-ல், 50 ஆண்டுக் கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெண்ணை வரையும் குழந்தைகள் சுமார் 28 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். திரையில் என்ன பார்க்கிறோமோ, அதுவும் சேர்ந்துதான் ‘விஞ்ஞானி என்றால் இப்படித்தான் இருப்பார்’ என்ற படத்தை மனதில் வரைகிறது.

ரமணன் அந்தப் படத்துக்குள் அடங்காதவர். கலைந்த தலைமுடி கிடையாது, கத்தல் கிடையாது. பக்கத்து வீட்டு அங்கிள் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, தமிழில், நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லிப் பேசிய விஞ்ஞானி. அதனால் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த முதல் உயிருள்ள விஞ்ஞானி அவராகவே இருந்திருக்கலாம்.

நேரில் பார்க்காதவர் மேல் ஏன் உரிமை?

இதற்கு உளவியலில் பெயரே இருக்கிறது: ஒருதலை உறவு. டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் தினமும் நம் வீட்டுத் திரையில் வந்து, நம்மைப் பார்த்தே பேசுகிறார். மெல்ல மெல்ல அவரை நமக்குத் தெரியும் என்று தோன்ற ஆரம்பிக்கும். அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் உரிமையாகக் கிண்டல் செய்வோம், கோபப்படுவோம், அவர் வராவிட்டால் தேடுவோம்.

நடிகர் மேல் வரும் பாசத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஷெல்டன் தப்பாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். வானிலை விஞ்ஞானி சொல்வது அடுத்த நாள் காலையிலேயே சரியா தப்பா என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். தினமும் பரீட்சை எழுதி, தினமும் ரிசல்ட் வாங்கும் வேலை அது.

‘ரமணன் சொன்னா மழை வராது’: உண்மையா?

அந்தக் காலத்தில் மிகப் பிரபலமான ஜோக் இதுதான். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், பிரச்சினை பாதி நேரம் கணிப்பில் இல்லை, நாம் கேட்ட விதத்தில் இருந்தது என்று புரியும்.

வானிலை அறிக்கையின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் எத்தனை சதவீத இடங்களில் மழை பதிவாகும் என்பதே கணக்கு.

• ஓரிரு இடங்களில்: 25 சதவீதம் வரை
• ஒருசில இடங்களில்: 26 முதல் 50 சதவீதம்
• அநேக இடங்களில்: 51 முதல் 75 சதவீதம்
• பெரும்பாலான இடங்களில்: 76 சதவீதத்துக்கு மேல்

அதாவது, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், நான்கில் மூன்று பங்கு இடங்களிலாவது மழை பெய்யாது என்பதும் அந்தக் கணிப்பிலேயே அடக்கம். தி.நகரில் கொட்டித் தீர்த்து, அடையாறில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால், கணிப்பு பலித்தது என்றே அர்த்தம். அடையாறுக்காரர் மட்டும் ‘பொய் சொல்லிட்டாரு’ என்பார்.

மழையின் அளவுக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை. 115.6 மி.மீ. தொட்டால் மிக கனமழை. 204.5 மி.மீ. தாண்டினால் அதி கனமழை. ‘கன’, ‘மிக கன’, ‘அதி கன’ எல்லாம் டிவிக்காரர்கள் பில்டப்புக்குச் சேர்க்கும் வார்த்தைகள் இல்லை.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அதி கனமழை என்ற எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த மழைக்காலத்தில் வானிலை அறிக்கையைக் கிண்டல் செய்த நகரமே, மணிக்கொரு தடவை அதே முகம் டிவியில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஜோக் நின்றது. பாசம் நம்பிக்கையாக மாறிய வாரம் அது.

கடைசி வரி யாருக்கு?

அறிக்கையின் முடிவில் பெரும்பாலும் ஒரு வரி வரும். “மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.” லீவு உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்ட நகரம், அதற்குள் சேனலை மாற்றியிருக்கும்.

அந்த வரி யாருக்கானது என்று பார்க்க சென்னைக்கு வெளியே போக வேண்டாம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இருந்து வடக்கே நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம் வந்துவிடும். ஒருபக்கம் பிரம்மஞான சபையின் தோட்டம், ஒருபக்கம் அடையாறு முகத்துவாரம், எதிரே வங்கக் கடல். 2015 வெள்ளத்தில் அடையாறு கொண்டுவந்த தண்ணீரெல்லாம் கடலில் சேர்ந்தது இந்தக் குப்பத்தை ஒட்டித்தான். 2004 சுனாமியையும் பார்த்த கரை இது.

இங்கே வானிலை அறிக்கையின் பொருளே வேறு. நகரத்துக்கு முக்கியம் மழை. மீனவருக்கு மழை பெரிய விஷயமில்லை, காற்றும் அலையும்தான். ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று, இடையிடையே 65 கி.மீ.’ என்று அறிக்கையில் வந்தால், ஓஎம்ஆரில் கேப் பிடிப்பவருக்கு அது வெறும் எண். சின்ன பைபர் படகில் போகிறவருக்கு அது திரும்பி வருவோமா என்ற கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எச்சரிக்கை வந்து, படகு கரையிலேயே நின்று, காற்று அடிக்காமல் போனால்? நகரத்துக்கு அது ஒரு மீம். குப்பத்துக்கு அது ஒருநாள் வருமானம். கடலுக்குப் போகாத நாளுக்கு மாதச் சம்பளம் மாதிரி காசு வராது. மீன் வராவிட்டால் அதை வாங்கி விற்கும் பெண்களுக்கும் அன்று வியாபாரம் இல்லை. தேவையில்லாத எச்சரிக்கை நாலு தடவை வந்தால், ஐந்தாவது தடவை யோசனை வரும்: ‘போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க.’ அந்த ஐந்தாவது தடவைதான் ஆபத்து.

அதனால் கரையில் இருப்பவர்கள் டிவியை மட்டும் நம்பி இருப்பதில்லை. காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, வாடையா தென்றலா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீரின் நிறம் எப்படி மாறியிருக்கிறது, அலை எங்கே உடைகிறது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, ஒப்பிட்டு, தப்பானதை விட்டு, சரியானதை வைத்துக்கொண்ட அறிவு அது. வெள்ளைக் கோட்டு இல்லை என்பதால் டிவி அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைப்பதில்லை. ஆனால், செய்முறை அதேதான்.

வாய்மொழி அறிவுக்கும் எல்லை உண்டு. கரையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு 500 கி.மீ. தூரத்தில் சுழலும் தாழ்வு மண்டலம் தெரியாது. செயற்கைக்கோளுக்குத் தெரியும். செயற்கைக்கோளுக்கு, முகத்துவாரத்தில் இன்று காலை மணல் திட்டு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று தெரியாது. படகுக்காரருக்குத் தெரியும். இரண்டும் தேவை.

எச்சரிக்கை போய்ச் சேராவிட்டால்?

2017 நவம்பர் 30. கன்னியாகுமரிக்கு அருகே இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மிக வேகமாக வலுப்பெற்று ‘ஒக்கி’ புயலாக மாறியது. அதற்கு முன்பே பல படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. செல்போன் சிக்னல் எட்டாத தூரம். கரையில் வெளியான எச்சரிக்கை அவர்கள் காதில் விழ வழியே இல்லை. தமிழகம், கேரளம் இரண்டிலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

கணிப்பு துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, அது போய்ச் சேர வேண்டும் என்பதே ஒக்கி சொன்ன பாடம். அதன் பிறகு 2019-ல், ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கைகள் நடுக்கடலிலும் எட்டும் வகையில் ‘ஜெமினி’ என்ற செயற்கைக்கோள் கருவி அறிமுகமானது. தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அலை உயரம், காற்று வேகம் போன்ற தகவல்களை மீனவர்களின் செல்போனுக்கே கொண்டுபோகும் செயலியை உருவாக்கியிருக்கிறது.

பிரிட்டனிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1987 அக்டோபர் 15 மதியம், பிபிசியின் பிரபல வானிலையாளர் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி எதுவும் வரவில்லை, கவலை வேண்டாம் என்ற பொருளில் சிரித்தபடி சொன்னார். அன்று இரவே தெற்கு இங்கிலாந்தைப் பெரும் புயல் தாக்கி 18 பேர் இறந்தார்கள். அந்த வீடியோ துணுக்கை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில்கூட அதைப் போட்டுக் காட்டினார்கள். பல ஆண்டு சரியாகச் சொன்னதை யாரும் கிளிப் எடுத்து வைப்பதில்லை. தப்பிய ஒருநாள் மட்டும் நிற்கும். டிவியில் முகம் காட்டும் எல்லா வானிலை விஞ்ஞானிகளும் இந்த ரிஸ்க்கோடுதான் மைக் முன்னால் வருகிறார்கள்.

நுங்கம்பாக்கத்தின் பழைய கதை

ரமணன் பேசிய அதே நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் ஒன்று இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே 30 ஆண்டு பொறுப்பில் இருந்தவர் நார்மன் போக்சன். அவருக்கு உதவியாளராக வேலை பார்த்தவர் அவருடைய மகள் ஐசிஸ் போக்சன். 1881-ல் மெட்ராஸ் அரசின் வானிலைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் அவரே.

‘விஞ்ஞானியை வரை’ என்றதும் ஆண் படத்தை வரைந்த 4,800 குழந்தைகளுக்கு 80 ஆண்டுக்கும் முன்பே, சென்னையின் வானிலையைக் கவனிக்கும் பொறுப்பில் ஒரு பெண் இருந்திருக்கிறார். அப்போது டிவி இல்லை. அதனால் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால்...

ரமணனுக்குப் பிறகு அதே மையத்தில் இருந்து வேறு விஞ்ஞானிகள் பேசினார்கள், பேசுகிறார்கள். சமூக வலைதளங்களில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற தன்னார்வலர்களுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆட்கள் மாறினாலும் அறிக்கையின் மொழி மாறவில்லை. அடுத்த தடவை கேட்கும்போது இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

• ‘ஓரிரு’, ‘ஒருசில’, ‘அநேக’ என்ற சொற்கள் எத்தனை இடங்களில் மழை என்பதைச் சொல்கின்றன. எவ்வளவு மழை என்பதை ‘மிதமான’, ‘கன’, ‘மிக கன’ சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

• தாழ்வுப் பகுதி எல்லாம் புயல் இல்லை. காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால்தான் புயல். அப்போதுதான் பெயரும் கிடைக்கும்.

• துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

• லீவு பற்றிய செய்தி மாவட்ட ஆட்சியரிடம் இருந்துதான் வரும். வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இருந்து இல்லை.

கடைசியாக ஒன்று. மீனவர்களுக்கான அந்த வரி வரும்வரை சேனலை மாற்றாமல் இருங்கள். பெசன்ட் நகரில் நீங்கள் வாக்கிங் போகும் கரையில் இருந்து கொஞ்ச தூரத்தில், நாளை விடிவதற்குள் படகைத் தள்ளுவதா, மேலே ஏற்றிக் கட்டுவதா என்று அதே வரியைக் கேட்டுவிட்டு ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார்.